சொல்லை அதன் துணையோடு கற்பித்தல்: பாரசீக மொழியினருக்கான ஆங்கிலச் சொற்பயிற்சி

என்னிடம் முதன்முதலாக ஆங்கிலத் திறனை அளக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்குப் படிக்க வந்த ஈரானிய மாணவி, தம் குறிப்பேட்டைக் கேமராவுக்கு முன்னால் விரித்துக் காட்டினார். பக்கத்தின் இடப்புறம் ஆங்கிலச் சொல், வலப்புறம் அதன் ஃபார்சி (ஈரானியப் பாரசீகம்) பொருள், நடுவில் பென்சிலால் இழுத்த நேர்கோடு. இப்படிப் பல நூறு சொற்கள், அடித்தல் திருத்தல் ஏதும் இல்லாமல். எந்தச் சொல்லைக் கேட்டாலும் தயங்காமல் பொருள் சொன்னார். ஆனால் அன்று மாலை அவர் எழுதி அனுப்பிய கட்டுரையில், காற்று மாசு உடல்நலத்தின் மீது ‘புட் எஃபெக்ட்’ செய்கிறது என்றும், இதிலிருந்து நாம் ‘டேக் எ ரிசல்ட்’ செய்யலாம் என்றும் எழுதியிருந்தார். ‘எஃபெக்ட்’ அவருக்குத் தெரியும், ‘ரிசல்ட்’டும் தெரியும். அந்தச் சொற்கள் ஆங்கிலத்தில் எந்த வினையோடு சேர்ந்து நிற்கும் என்பதுதான் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பாரசீக மொழி பேசுவோருக்கு ஆங்கிலம் கற்பிக்கப் புதிதாகத் தொடங்கும் தமிழ் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். இணையவழி வகுப்புகள் பெருகிய பிறகு இத்தகைய மாணவர்கள் நம் ஆசிரியர்களிடம் வருவது புதுமையாக இல்லை. அவர்களுக்குச் சொற்பட்டியலை மேலும் நீட்டித் தருவதால் பயன் மிகக் குறைவு என்பதும், ஒவ்வொரு சொல்லையும் அதன் துணையோடு சேர்த்துக் கற்பித்தால் சில மாதங்களிலேயே எழுத்து மாறத் தொடங்கும் என்பதும் நான் அனுபவத்தில் கண்டவை.

முதல் வேலை: எந்தப் பாரசீகம், எந்தத் தேர்வு

மாணவர் ஈரானியரா, ஆப்கானியரா, தஜிகிஸ்தானைச் சேர்ந்தவரா என்பதை முதல் வகுப்பிலேயே கேட்டறியுங்கள். மூவர் பேசுவதும் ஒரே மொழியின் வடிவங்கள்தான். ஆனால் ஈரானில் அதை ஃபார்சி என்றும், ஆப்கானிஸ்தானில் தரி என்றும், தஜிகிஸ்தானில் தஜிக் என்றும் அழைக்கிறார்கள். தஜிக் மொழி சிரிலிக் எழுத்தில் எழுதப்படுகிறது. இந்த வேறுபாடு நம் பாடத்தையும் பாதிக்கும். ஈரானியர் கடந்த இரண்டு நூற்றாண்டுகளில் மேற்கத்தியச் சொற்களைப் பெரும்பாலும் பிரெஞ்சு வழியாகப் பெற்றார்கள். ஆப்கானியர் பலவற்றை ஆங்கிலத்திலிருந்து நேராக எடுத்துக்கொண்டார்கள். காருக்கு ஈரானியர் ‘மாஷீன்’ என்பார், காபூல்காரர் நம் பெரியவர்களைப் போலவே ‘மோட்டர்’ என்பார். தமிழில் ‘வைன்’ என்றே எழுதப்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களை (wine, vine) உதடு குவித்தும் பல் பதித்தும் வேறுபடுத்திச் சொல்வது ஈரானியருக்குக் கடினம்; தரி பேசுவோரிடம் உதடு குவிக்கும் ஒலி இயல்பாகவே இருப்பதால் அவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

தேர்வைப் பொறுத்தவரை, ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தாளில் நான்கு அளவுகோல்கள் உள்ளன. சொல்வளம் அவற்றுள் ஒன்று, நான்கில் ஒரு பங்கு மதிப்பெண் அதற்கு உரியது. பேச்சுத் தேர்விலும் அப்படியே. அந்த அளவுகோலில் 7 ஆம் நிலைக்குரிய விளக்கத்தை மாணவரோடு சேர்ந்து படியுங்கள். அதிகம் வழங்காத சொற்களைக் கையாள்வதோடு, நடையையும், எந்தச் சொல் எதனோடு சேர்ந்து வரும் என்னும் சொற்சேர்க்கையையும் பற்றிய உணர்வு இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. எத்தனை அரிய சொல் தெரியும் என்று எங்கும் கேட்கவில்லை. பெரும்பாலான மாணவர்கள் இந்த ஒரு வரியைப் படித்ததே இல்லை. படித்த பிறகு தங்கள் குறிப்பேட்டை அவர்கள் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது.

வகுப்பு நேரத்தையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். தெஹ்ரான் நம்மைவிட 2 மணி நேரமும், காபூல் 1 மணி நேரமும் பின்தங்கியவை. யூடியூப் ஈரானில் முடக்கப்பட்டிருப்பதால் காணொளி இணைப்புகளை நம்பிப் பாடம் அமைக்க வேண்டாம். ஒலிக்கோப்பையும் எழுத்துக்கோப்பையும் நேராக அனுப்புவதே நல்லது.

எந்தச் சொற்கள்

‘உயர்நிலைச் சொல்’ என்றவுடன் மாணவர்கள் அகராதியின் மூலையில் கிடக்கும் சொற்களைத் தேடிப் போகிறார்கள். தேர்வுக்கு வேண்டியவை கல்வி எழுத்தில் மீண்டும் மீண்டும் வருபவை. நியூசிலாந்தின் வெலிங்டனில் அவெரில் காக்ஸ்ஹெட் என்னும் ஆய்வாளர் சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்வி எழுத்துத் தொகுப்பை ஆராய்ந்து, 2000 ஆம் ஆண்டில் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும்) கொண்ட பட்டியலை வெளியிட்டார். அடிப்படையான 2,000 சொற்குடும்பங்களுக்கு அப்பால், கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ 10 விழுக்காடு இந்த 570க்குள் அடங்கிவிடுகின்றன. ‘அசெஸ்’, ‘இண்டிகேட்’, ‘கான்ஸ்டிட்யூட்’, ‘டெரைவ்’ (derive) போன்றவை இதன் முதல் பகுதியிலேயே இருக்கின்றன. பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

பட்டியலை அப்படியே கையில் கொடுத்துவிடாதீர்கள். மாணவர் ஒவ்வொரு சொல்லையும் பார்த்து ஒரு முழு வாக்கியம் சொல்லட்டும். பொருள் தெரிந்து, வாக்கியமும் சரியாக வந்தால் அந்தச் சொல்லை அடித்துவிடலாம். பொருள் தெரிந்தும் வாக்கியம் தடுமாறினால் அதுவே நமக்கு வேண்டிய சொல். இவ்வாறு சலித்த பின் எஞ்சுபவற்றில் பாதிக்கு மேல் ‘தெரிந்த’ சொற்களாகவே இருக்கக் காண்பீர்கள்.

சொல்லும் அதன் துணையும்

இந்தப் பகுதிக்கு மட்டும் பாதி வகுப்புகளைச் செலவிட்டாலும் தகும்.

பாரசீக மொழியில் தனிவினைகள் சில நூறுதான் புழக்கத்தில் உள்ளன. மற்ற செயல்களையெல்லாம் ஒரு பெயர்ச்சொல்லோடு ஒரு சிறு வினையைச் சேர்த்தே சொல்கிறார்கள். செய்தல், அடித்தல், கொடுத்தல், எடுத்தல், இழுத்தல், உண்ணுதல் ஆகியவையே அந்தச் சிறு வினைகள். பேசுவது ‘ஹர்ஃப் ஸதன்’, அதாவது எழுத்தை அடித்தல். சளி பிடிப்பது ‘ஸர்மா கொர்தன்’, குளிரை உண்ணுதல். தடுக்கி விழுவது ‘ஸமீன் கொர்தன்’, தரையை உண்ணுதல். இந்த ‘ஸமீன்’தான் நம் ஊரில் ‘ஜமீன்’ ஆயிற்று. எந்தப் பெயரோடு எந்த வினை சேரும் என்பதற்கு விதி கிடையாது. நாம் பாட்டுப் பாடுகிறோம், கூத்து ஆடுகிறோம், சிகரெட் பிடிக்கிறோம், அடி வாங்குகிறோம் என்பதைப் போல, அது வழக்கு, அவ்வளவுதான்.

இதன் விளைவு இரு திசைகளில் போகிறது. மாணவர் தம் மொழியின் சிறு வினையை ஆங்கிலத்தில் அப்படியே பெயர்த்துவைக்கும்போது பிழை வருகிறது. ‘தாசீர் கொஸாஷ்தன்’ என்றால் தாக்கத்தை வைத்தல். அதனால்தான் ‘புட் எஃபெக்ட்’ வந்தது, ஆங்கிலத்தில் ‘ஹேவ் ஆன் எஃபெக்ட்’ என்றே வர வேண்டும். ‘நதீஜே கெரெஃப்தன்’ என்றால் முடிவை எடுத்தல். ஆங்கிலத்தில் முடிவை ‘டிரா’ செய்கிறார்கள், அதாவது கிணற்றிலிருந்து நீரைப் போல இழுக்கிறார்கள், அங்கே ‘ரிசல்ட்’டுக்கு இடமில்லை, ‘கன்க்ளூஷன்’ வேண்டும். ‘எஷ்தெபாஹ் கர்தன்’ என்பது பிழை செய்தல். ஆகவே ‘டூ எ மிஸ்டேக்’ என்று எழுதுகிறார்கள், ‘மேக்’ வர வேண்டிய இடம் அது. ‘தவஜ்ஜோ கர்தன்’ கவனம் செய்தல். ஆங்கிலேயர் கவனத்தைப் பணம் போலச் செலுத்துகிறார்கள். நாமும் செலுத்துகிறோம்.

மறுதிசையில் பார்த்தால், இதே பழக்கம் பெரிய முதலீடு. ‘ஹர்ஃப்’ என்றால் ‘ஸதன்’ என்று ஒரு குழந்தை தாய்மொழியில் எப்படிச் சேர்த்தே கற்கிறதோ, அப்படித்தான் ஆங்கிலத்தையும் கற்க வேண்டும் என்று சொன்னால் பாரசீக மாணவருக்குச் சட்டென்று விளங்குகிறது. சொற்சேர்க்கை என்னும் கருத்தை நான் விளக்கத் தொடங்கும் முன்பே, ‘எங்கள் மொழியின் கூட்டுவினை மாதிரியா?’ என்று கேட்ட மாணவர்கள் உண்டு. ஆம், அதே மாதிரிதான்.

செயல்முறை இதுதான். சலித்தெடுத்த ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஃபார்சியில் என்ன சிறு வினை வருகிறது என்று மாணவரையே எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆங்கில வினையை எழுதி, இரண்டும் ஒன்றா, வேறா என்று குறிக்கச் சொல்லுங்கள். ஒன்றாக இருப்பவை எதிர்பார்ப்பதைவிட அதிகம்: ‘நக்ஷ் பாஸீ கர்தன்’ என்பது பாத்திரம் விளையாடுதல், ஆங்கிலத்தின் ‘பிளே எ ரோல்’ அதே கட்டுமானம். அவற்றுக்கு நேரம் செலவிட வேண்டியதில்லை. வேறாக இருப்பவற்றுக்கு மட்டும் சிவப்பு மையில் அட்டை எழுதுங்கள். என் மாணவி தம் குறிப்பேட்டை இப்படி மறுபடி எழுதியபோது பல நூறு சொற்கள் 130 சிவப்பு அட்டைகளாகச் சுருங்கின. அடுத்த 6 வாரம் நாங்கள் அவற்றை மட்டுமே படித்தோம்.

தமிழ் ஆசிரியருக்கு இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பாரசீக மாணவர் செய்யும் சில பிழைகள் நம் பிழைகளும்கூட என்பதால் அவை நம் கண்ணில் படாமல் போய்விடும். ஃபார்சியில் கனவைக் காண்கிறார்கள், தமிழிலும் காண்கிறோம். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘சா எ ட்ரீம்’ வராது, ‘ஹேட் எ ட்ரீம்’ வர வேண்டும். ஃபார்சியில் தேர்வைக் ‘கொடுக்கிறார்கள்’, இந்திய ஆங்கிலத்திலும் ‘கிவ்’ பரவலாக வழங்குகிறது. தேர்வுத்தாளில் ‘டேக்’ என்றோ ‘சிட்’ என்றோ எழுத வேண்டும். ஐயம் எழும்போதெல்லாம் சொற்சேர்க்கை அகராதி ஒன்றைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. இரண்டு மொழிகளும் ஒத்துப்போகிற பிழைதான் திருத்துவதற்கு மிகக் கடினமானது.

வேரும் குடும்பமும்

பாரசீகம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது. ‘மாதர்’, ‘பெதர்’, ‘பராதர்’, ‘தொக்தர்’, ‘நாம்’ ஆகியவற்றை ஆங்கிலத்தின் தாய், தந்தை, உடன்பிறந்தான், மகள், பெயர் ஆகிய சொற்களோடு ஒப்பிட்டால் உறவு தெரியும். இது மாணவருக்கு மகிழ்ச்சி தரும், உயர்நிலைச் சொல்லுக்கு அதிகம் உதவாது. உதவுவது சொல்லாக்கம்.

ஃபார்சியில் ‘பீன்’ என்றால் காண்பது. ‘பீஷ்பீனீ’ முன்னதாகக் காண்பது, அதாவது கணிப்பு. ‘கோஷ்பீனீ’ நல்லதாகக் காண்பது, ‘ஆப்டிமிசம்’. ‘பத்பீனீ’ கெட்டதாகக் காண்பது, ‘பெசிமிசம்’. ‘ஜஹான்பீனீ’ உலகைக் காணும் முறை. ‘தூர்பீன்’ தொலைநோக்கி, நம் சொல்லும் அதே இரண்டு துண்டுகளால் ஆனது. இந்தக் குடும்பத்தைக் கரும்பலகையின் ஒரு பக்கம் எழுதிவிட்டு, மறுபக்கம் லத்தீன் ‘ஸ்பெக்ட்’ என்னும் வேரை எழுதுங்கள். அதற்கும் பார்த்தல்தான் பொருள். ‘இன்ஸ்பெக்ட்’, ‘ப்ராஸ்பெக்ட்’, ‘ரெட்ராஸ்பெக்ட்’, ‘பெர்ஸ்பெக்டிவ்’ ஆகியவற்றில் எதற்கு எது என்று மாணவரே பிரித்துச் சொல்லிவிடுவார். முன்னொட்டுகளும் இவ்வாறே: ‘பாஸ்’ என்பது ‘ரீ’க்கு நேர், மறுசுழற்சிக்கு ‘பாஸ்யாஃப்த்’, ‘ஹம்’ என்பது ‘கோ’வுக்கு நேர், உடன் பணிபுரிபவர் ‘ஹம்கார்’. அரபியிலிருந்து வந்த வேர்களும் அவர்களுக்குக் கைவந்தவை. ‘எல்ம்’, ‘ஆலெம்’, ‘மொஅல்லெம்’, ‘தாலீம்’ என அறிவு என்னும் ஒரே வேரிலிருந்து கிளைப்பதைச் சிறுவயதிலேயே பழகியவர்கள். தமிழில் வழங்கும் ‘ஆலிம்’ அந்தக் குடும்பத்ததே.

நடைவேறுபாட்டை விளக்கவும் இதே வழி உண்டு. ஏழாம் நூற்றாண்டில் அரேபியர் ஈரானை வென்ற பின் அரபுச் சொற்கள் பாரசீகத்தில் குடியேறின. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் குடியேறின. ஆகவே இரு மொழிகளிலும் ஒரே செயலுக்குப் பல அடுக்குச் சொற்கள் உள்ளன. ‘போர்ஸீதன்’ என்பது கேட்பது, ‘எஸ்தென்தாக்’ என்பது காவல் நிலையத்தில் கேட்பது. ‘ஆஸ்க்’, ‘இன்டெராகேட்’ இரண்டும் ஒன்றல்ல என்று விளக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. அகராதியில் ஒரே பொருள் போட்டிருந்தாலும் இடம் வேறு என்பதை அவர்கள் தம் மொழியிலேயே உணர்ந்தவர்கள்.

பாரசீகத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன ‘பஜார்’, ‘கேரவன்’, ‘பைஜாமா’ முதலியவற்றையும் சிலர் ஆர்வமாகக் கேட்பார்கள். எனக்குப் பிடித்தது ‘செரண்டிப்பிட்டி’: இலங்கைக்குப் பாரசீகர் வழங்கிய பெயர் ‘ஸரந்தீப்’, அந்நாட்டு இளவரசர் மூவரைப் பற்றிய கதையைக் கொண்டு ஹொரேஸ் வால்போல் 1754இல் உருவாக்கிய சொல் அது. 5 நிமிடம் பேசிவிட்டு வேலைக்குத் திரும்பலாம்.

பிரெஞ்சு வழி வந்த மயக்கம்

ஈரானிய மாணவருக்கு மட்டும் உரிய சிக்கல் இது. ஃபார்சியில் ‘ரெஷீம்’ என்றால் பெரும்பாலும் உணவுக் கட்டுப்பாடு. ஆங்கிலத்தின் ‘ரெஜீம்’ ஆட்சியைக் குறிப்பது. ‘பாஸாஷ்’ கடைகள் நிறைந்த வளாகம். ஆங்கிலத்தின் ‘பாசேஜ்’ வாசிப்புத்தாளின் பத்தியாகவும் இருக்கலாம். ‘ஃபாமீல்’ உறவினர் அல்லது குடும்பப்பெயர். தாய் தந்தையர் கொண்ட குடும்பத்துக்கு வேறு சொல் இருக்கிறது. எனக்கு ‘லாட் ஆஃப் ஃபேமிலி’ இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவர் அத்தை மாமாக்களைச் சொல்கிறார். இவற்றை மொத்தமாகப் பட்டியலிட்டுக் கற்பித்தால் குழப்பம் கூடும். எழுத்தில் தலைகாட்டும்போது ஒவ்வொன்றாகத் திருத்துவதே போதும்.

அட்டைப்பெட்டியும் வாரக் கணக்கும்

செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970களில் பரப்பிய அட்டைப்பெட்டி முறை ஈரானில் பள்ளிப்பிள்ளைகள்கூட அறிந்தது; ‘ஜாபெயே லாய்ட்னர்’ என்று சொன்னால் போதும், நீங்கள் விளக்க வேண்டியதில்லை. பெட்டியில் 5 அறைகள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு முன்னேறும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். 1, 2, 4, 8, 15 நாள் இடைவெளியில் அறைகளைத் திறக்கச் சொல்லுங்கள். மறதி எப்படி நாளுக்கு நாள் படிகிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே அளந்து காட்டியிருக்கிறார். இந்த இடைவெளிகள் அதற்கு ஈடுகொடுக்கத்தான்.

மாற்ற வேண்டியது அட்டையில் எழுதும் செய்தியை. பழைய பழக்கப்படி ஒரு பக்கம் ஆங்கிலச் சொல்லும் மறுபக்கம் ஃபார்சிப் பொருளும் எழுதினால் வாசிப்புத்தாளுக்கு மட்டுமே உதவும். நான் எழுதச் சொல்வது இப்படி: முன்பக்கம், வினை விடுபட்ட ஆங்கில வாக்கியம் ஒன்று, கோடிட்ட இடத்தோடு. பின்பக்கம், விடுபட்ட வினை, அதன் கீழே அச்சொல்லோடு வரும் பெயரடை ஒன்று, அதன் கீழே ஃபார்சிக் கூட்டுவினை. ‘எஃபெக்ட்’ அட்டையின் பின்புறத்தில் ‘ஹேவ்’, ‘ப்ரொஃபவுண்ட்’, ‘தாசீர் கொஸாஷ்தன்’ மூன்றும் இருக்கும். ஃபார்சி வலமிருந்து இடமாகவும் ஆங்கிலம் இடமிருந்து வலமாகவும் ஓடுவதால் இரண்டையும் ஒரே வரியில் எழுத விடாதீர்கள், கண் தடுமாறும்.

ஈரானில் வாரம் சனிக்கிழமை தொடங்குகிறது, வெள்ளி விடுமுறை. நம் திங்கள் முதல் வெள்ளி வரையிலான கணக்கை அவர்கள் மேல் சுமத்தாமல், சனி முதல் புதன் வரை நாளுக்கு 8 புதிய அட்டைகள், வியாழன் ஒரு கட்டுரை, வெள்ளி பழைய அட்டைகளை மட்டும் புரட்டுவது என்று அமையுங்கள். வாரத்துக்கு 40, 12 வாரத்தில் 480. மார்ச் 20 வாக்கில் நௌரூஸ் புத்தாண்டு வரும்போது இரண்டு வாரம் விருந்தும் பயணமுமாகக் கழியும். அந்நாட்களில் புதியது எதுவும் வேண்டாம்.

மனப்பாடம் அவர்கள் பண்பாட்டில் பெருமைக்குரியது. ‘மொஷாஎரே’ என்றொரு விளையாட்டு: ஒருவர் ஒரு கவிதை வரி சொல்ல, அதன் கடைசி எழுத்தில் தொடங்கும் வரியை அடுத்தவர் சொல்ல வேண்டும். நம் அந்தாதியை நினைவூட்டும். குழுவாகப் படிப்போர் இதையே சொற்சேர்க்கைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒருவர் பெயர்ச்சொல்லைச் சொல்ல, அடுத்தவர் சரியான வினையோடு வாக்கியம் சொல்லி, அதிலிருந்து புதிய பெயர்ச்சொல்லை எடுத்து நீட்டுவார். என் வகுப்பில் பேசத் தயங்குபவர்கள் முதலில் வாய் திறந்தது இந்த விளையாட்டில்தான்.

ஒலியும் எழுத்துக்கூட்டும்

ஃபார்சியில் சொல்லின் தொடக்கத்தில் இரு மெய்கள் சேர்ந்து வருவதில்லை. ‘எஸ்கூல்’, ‘எஸ்டூடண்ட்’ என்பார்கள். நம் ஊரின் ‘இஸ்கூல்’ போல. முதல் மெய்யை நீட்டி ஒலிக்கச் சொன்னால் சில நாட்களில் சரியாகிவிடும். ஃபார்சி எழுத்தில் குற்றுயிர்கள் எழுதப்படாததால், மெய்கள் ஒத்திருந்து உயிர் மட்டும் மாறும் சொற்களை மாணவர்கள் ஒன்றாகப் படித்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். ‘பெர்சனல்’, ‘பெர்சனெல்’ அப்படி ஓர் இணை. இத்தகைய இணைகளுக்கு அட்டையில் உயிரெழுத்தை மட்டும் வண்ணமிடச் செய்யுங்கள்.

கட்டுரையில்

பாரசீக உரைநடை இரட்டைச் சொல்லை விரும்புகிறது. ‘ஸப்ர் ஓ ஷகீபாயீ’ என்பார்கள்; முதலாவது அரபு, இரண்டாவது பாரசீகம், இரண்டுக்கும் பொறுமை என்றே பொருள். அங்கே அது அழகு. அதே அழகை ஆங்கிலக் கட்டுரையில் நாடி ஒவ்வொரு பெயருக்கும் ஒரு துணைப்பெயர் சேர்த்தால், 250 சொல் கேட்கும் கட்டுரை கருத்து நகராமல் 320 சொல்லாக வீங்கும். மாணவரிடம் சிவப்புப் பேனாவைக் கொடுத்து, இணைத்து எழுதிய ஒவ்வோர் இரட்டையிலும் ஒன்றை அடிக்கச் சொல்லுங்கள். எதை அடிப்பது என்று அவர் யோசிக்கும் அந்தச் சில நொடிகளில் இரு சொல்லுக்குமிடையே உள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கற்றுக்கொள்கிறார்.

தேர்வுக்கு 10 நாள் இருக்கும்போது புதிய அட்டைகளை நிறுத்திவிடுங்கள். பெட்டியின் முதல் இரண்டு அறைகளில் இன்னும் தங்கியிருக்கும் அட்டைகளை வெளியே எடுத்து, மாணவர் முன்பு எழுதிய கட்டுரைகளில் அந்தச் சொற்கள் வரும் இடங்களைத் தேடி அவரையே திருத்தி எழுதச் சொல்லுங்கள். என் மாணவி தேர்வுக்கு முந்தைய வியாழக்கிழமை அப்படித் திருத்தி அனுப்பிய பக்கத்தில், முதல் நாள் எழுதிய அதே காற்று மாசு வாக்கியம் இருந்தது. ‘புட்’டை அடித்துவிட்டு மேலே ‘ஹேவ்’ எழுதி, ‘எஃபெக்ட்’டுக்கு முன் ‘ப்ரொஃபவுண்ட்’ சேர்த்திருந்தார்.